வேலூர் வெயிலில் ஒரு நாயை வரவேற்க வீட்டை ஆயத்தம் செய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

நாய் வளர்க்க விரும்புவோர் பெரும்பாலும் முதலில் இனத்தைப் பற்றியும், அடுத்து விலையைப் பற்றியும், பிறகு பெயரைப் பற்றியும் யோசிக்கின்றனர். பழைய வட ஆர்க்காடு மாவட்டமாக இருந்து இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எனப் பிரிந்து நிற்கும் இந்தப் பகுதியில் முதல் கேள்வி வேறாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: வைகாசி மாதத்துப் பிற்பகல் இரண்டு மணிக்கு அந்த நாய் எங்கே படுக்கும்? கத்திரி வெயிலில் இங்கு வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். பகலெல்லாம் காய்ந்த பாறைக் குன்றுகளும் கான்கிரீட் கூரைகளும் இரவிலும் அனலை வெளியிட்டுக்கொண்டிருக்கும். மனிதரைப் போல உடல் முழுவதும் வியர்த்துக் குளிர்ந்துகொள்ள நாயால் இயலாது. பாதங்களில் சிறிது வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதே அதற்கு உள்ள வழி. இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை கிடைத்த பிறகே மற்ற ஆயத்தங்களைத் தொடங்க வேண்டும்.

வீட்டாரின் ஒப்புதலும் பொறுப்புப் பிரிவினையும்

நாய் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வரை உடன் வாழும் உயிர். இன்று பள்ளிக்குச் செல்லும் பிள்ளை கேட்டதற்காக வாங்கப்படும் குட்டியை, அந்தப் பிள்ளை கல்லூரி விடுதிக்குப் போன பிறகு யார் பார்த்துக்கொள்வது என்பதை இன்றே பேசிவிட வேண்டும். காலையில் வெளியே அழைத்துச் செல்வது யார், உணவு வைப்பது யார், மலம் அள்ளுவது யார், ஊருக்குப் போகும் நாட்களில் பொறுப்பு யாருடையது என்பனவற்றைப் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். ‘எல்லோரும் பார்த்துக்கொள்வோம்’ என்று விட்டுவிடும் வீடுகளில் அந்த வேலை முழுவதும் இறுதியில் வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுகிறது. அவர்கள் மனமார ஒப்பாத நிலையில் நாயைக் கொண்டுவருவது அவர்களுக்கும் நாய்க்கும் செய்யும் அநீதி.

கணவன் மனைவி இருவரும் காலை எட்டு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடும் வீட்டில் இரண்டு மாதக் குட்டியை வளர்ப்பது கடினம். அந்த வயதில் குட்டியால் இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது, தனிமையையும் தாங்காது. அத்தகைய வீட்டுக்கு ஒன்றரை, இரண்டு வயதான நாயே பொருத்தம். வாடகை வீடாக இருந்தால் உரிமையாளரின் சம்மதத்தை முன்கூட்டியே பெறுங்கள். பக்கத்து வீட்டாரிடமும் ஒரு சொல் சொல்லிவைப்பது நல்லது. சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் குரைப்புச் சத்தம் அவர்களையும் பாதிக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் நகரத் தெருக்களில் நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்கு முன் கழுவித் தூய்மை செய்துகொள்ள வேண்டும் என்று கருதும் அண்டை வீட்டார் பலர் உண்டு. நாயை அவர்கள் வாசற்படிக்குப் போகவிடாமல் பார்த்துக்கொள்வதாக முதலிலேயே உறுதி சொன்னால் பின்னர் மனக்கசப்பு எழாது.

எந்த நாய், எப்போது?

இந்த வெப்பத்துக்கு நம் நாட்டு நாய்களே இயல்பாகப் பொருந்துகின்றன. தெருவில் பிறந்த குட்டியை எடுத்து வளர்ப்பவர்களை நான் பெரிதும் மதிக்கிறேன். அக்குட்டிகளின் குட்டையான ரோமமும், எந்த ஊர்ச் சூழலுக்கும் பழகிக்கொள்ளும் தன்மையும் பெரும் பலங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை தமிழகத்தின் தென்மாவட்டங்களோடு தொடர்புடைய இனங்கள். இவற்றில் சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டைக்காக ஓடும் உடல்வாகு கொண்டவை என்பதால், இரண்டு அறை கொண்ட மாடி வீட்டில் அடைத்து வைத்தால் துன்புறும். முழு வெண்மையான ராஜபாளையம் குட்டிகளில் பிறவிச் செவிட்டுத்தன்மை காணப்படுவதுண்டு; வாங்கும் முன் குட்டி பார்க்காதபோது அதன் பின்னாலிருந்து கைதட்டிப் பாருங்கள், ஐயம் இருந்தால் மருத்துவரிடம் சோதியுங்கள். பனிப்பிரதேசத்துக்கென உருவான சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்றவற்றையும், மூக்கு சப்பையாகி மூச்சுவிடவே சிரமப்படும் பக் போன்றவற்றையும் வேலூரில் வளர்க்க வேண்டாம் என்றே வேண்டிக்கொள்கிறேன். நாள் முழுவதும் குளிரூட்டி ஓடினாலும் மின்வெட்டு நேரும் ஒரு பிற்பகல் போதும், அவற்றின் உயிருக்கு ஆபத்து வந்துவிடும்.

2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் இருக்கும் அந்த வாரங்களில்தான் கடியின் அளவைக் கட்டுப்படுத்தக் குட்டி கற்றுக்கொள்கிறது. ‘சின்னதாக வந்தால் நன்றாகப் பழகும்’ என்று முப்பது நாள் குட்டியைத் தூக்கிக்கொண்டு வருவது தவறு. தாயைக் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடமும், தடுப்பூசி அட்டை இல்லாத இடத்திலும் வாங்காதீர்கள்.

காலம் என்று பார்த்தால் மார்கழி முதல் மாசி வரை சிறந்தது. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. ஏப்ரல் தொடங்கி ஜூன் வரையிலும், தீபாவளியை ஒட்டிய இரண்டு வாரங்களிலும் புதிய நாயைக் கொண்டுவருவதைத் தவிர்க்கலாம். வேலூரில் சித்ரா பௌர்ணமிப் பூப்பல்லக்கு, குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் நடக்கும் கங்கையம்மன் சிரசுத் திருவிழா ஆகிய நாட்களிலும் வாணவேடிக்கையும் மேளமும் பலமாக இருக்கும். புது இடத்துக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாத குட்டிக்கு அந்த ஓசை வாழ்நாள் அச்சமாக நின்றுவிடக்கூடும்.

நிழலும் தரையும் நீரும்

இனி வீட்டைத் தயார்ப்படுத்தலாம். இதில்தான் அதிகக் கவனம் தேவை.

மொட்டைமாடியில் தகரக் கொட்டகையோ சிமென்ட் ஷீட் கூரையோ போட்டு அதன்கீழ் நாயைக் கட்டிவைக்கும் வழக்கம் நம் ஊர்களில் பரவலாக உள்ளது. இதை வன்மையாக எதிர்க்கிறேன். மே மாதப் பகலில் அந்தக் கூரையின் கீழ் அரை மணி நேரம் நீங்கள் உட்கார்ந்து பார்த்தாலே காரணம் விளங்கும். மேலும், நாயை நாள் முழுவதும் கட்டிவைத்து நடமாடவிடாமல் வைத்திருப்பது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம்.

தரைத்தளத்தில், மேற்கு வெயில் படாத, குறுக்குக் காற்று வரும் ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள். வடக்குப் பார்த்த தாழ்வாரம் இருந்தால் மிக நன்று. சிவப்புச் சிமென்ட் தரையோ கடப்பாக் கல் தரையோ நாய்க்குப் பிடித்தமானது. வெயில் காலத்தில் மெத்தையைத் தள்ளிவிட்டு அது வெறுந்தரையில் படுப்பதைக் காண்பீர்கள், அதைத் தடுக்க வேண்டாம். வயதான நாய்க்கு மட்டும் மூட்டு வலிக்காமல் இருக்க மடித்த சாக்கு அல்லது பழைய பருத்திப் போர்வை வேண்டும். மேல்தளத்தில் குடியிருப்போர் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு அடிப்பதும், சன்னலில் ஈரத் துணியோ வெட்டிவேர்த் தட்டியோ தொங்கவிடுவதும் நாய்க்கும் வீட்டாருக்கும் ஒருசேரப் பயன்படும்.

தண்ணீருக்கு அகன்ற மண்சட்டியே சிறந்தது. மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளிருக்கும் நீர் குளிர்ந்திருக்கும். கனமாக இருப்பதால் குட்டி எளிதில் கவிழ்க்காது. வீட்டுக்குள் ஒன்றும் வாசலில் ஒன்றுமாக இரண்டு சட்டிகள் வையுங்கள். காலையும் மாலையும் பழைய நீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவிப் புதுநீர் ஊற்ற வேண்டும். தேங்கிய நீரில் கொசு பெருகும். டெங்கு மனிதருக்கு வருவதுபோல, கொசுக்கடியால் நாய்க்கு இதயப்புழு நோய் வரும்.

வெப்பத்தாக்குதலின் அறிகுறிகளை நாய் வருவதற்கு முன்பே வீட்டார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். இடைவிடாத மூச்சிரைப்பு, கட்டியான எச்சில் வடிதல், ஈறுகள் கடுஞ்சிவப்பாதல், தள்ளாட்டம், வாந்தி ஆகியவை தோன்றினால் உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, உடல் முழுவதும் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, மின்விசிறிக் காற்றில் வைத்து, அப்படியே மருத்துவரிடம் விரைய வேண்டும். வாயில் வலிந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

சுவர் விரிசலில் இருக்கும் எதிரி

இப்பகுதியில் நாய்களை அதிகம் வருத்துவது உண்ணி. நாயின் உடலில் காணப்படும் உண்ணிகளைவிடப் பல மடங்கு உண்ணிகள் சுவர் விரிசல்களிலும், கதவு நிலைகளின் இடுக்குகளிலும், மாட்டுக்கொட்டகை ஓரங்களிலும் முட்டையாகவும் இளம்பருவமாகவும் ஒளிந்திருக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இவை கடிப்பதால் பரவும் எர்லிக்கியா, பபேசியா போன்ற உண்ணிக்காய்ச்சல்கள் இரத்த அணுக்களை அழித்து, உரிய நேரத்தில் கவனிக்காவிட்டால் நாயைக் கொன்றுவிடும். ஆகவே நாய் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே, அது புழங்கப்போகும் இடத்தின் விரிசல்களைச் சிமென்ட் வைத்து அடைத்து, சுவரின் கீழ்ப்பகுதிக்கு வெள்ளையடித்து, முற்றத்துப் புல்லை ஒட்ட வெட்டி, பழைய கட்டைகளையும் சாக்குகளையும் அப்புறப்படுத்துங்கள். முன்பு வேறு நாய் இருந்த வீடாயின் இந்த வேலையை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது.

வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டும் பழக்கம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. அதனால் வலிப்பு வந்து மடியும் நாய்கள் உண்டு. உண்ணிக்கான மாத்திரையையோ, கழுத்தில் விடும் சொட்டு மருந்தையோ நாயின் எடைக்கும் வயதுக்கும் ஏற்ப மருத்துவர்தான் தர வேண்டும்.

கைக்கு எட்டும் நஞ்சுகள்

குட்டி வாயால்தான் உலகை அறிகிறது. நீங்கள் ஒருமுறை தரையில் குட்டியின் உயரத்துக்குக் குனிந்து வீடு முழுவதையும் சுற்றிவந்தால், தொங்கும் மின்கம்பி, கட்டில் அடியில் கிடக்கும் பாச்சை உருண்டை, கொசுவத்திச் சுருள், எலி மருந்து, பினாயில் பாட்டில், தையல் ஊசி என எத்தனையோ கண்ணில் படும். அனைத்தையும் இடுப்பு உயரத்துக்கு மேலே மாற்றுங்கள். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் மாத்திரைகளை நாய்க்குத் தருவது நஞ்சு தருவதற்கு ஒப்பானது. காய்ச்சல் என்று எண்ணி வீட்டு வைத்தியம் செய்துவிடாதீர்கள். தோட்டத்தில் பூசைக்காக வளர்க்கும் அரளியின் இலை, பூ, பட்டை என எல்லாப் பகுதிகளும் இதயத்தைத் தாக்குபவை. ஆமணக்கு விதையும், அழகுக்கு வைக்கும் சைக்கஸ் செடியும் கொடியவை. அரளியை வெட்ட மனமில்லையெனில் சுற்றிலும் வலை கட்டுங்கள்.

இந்த மாவட்டத்துக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. தோல் பதனிடும் தொழிற்சாலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் வேலை செய்வோர் வீடுகளில் தோல் துண்டுகள் எளிதாகக் கிடைக்கும். அவற்றைக் குட்டிக்குக் கடிக்கக் கொடுக்கலாமே என்று தோன்றும். குரோமியம் உப்புகளாலும் சாயங்களாலும் பதனிடப்பட்ட தோல் அது. நாய் மென்று விழுங்குவதற்கு உரியதன்று. மெல்லுவதற்குப் பல்முளைக்கும் குட்டிகளுக்கான ரப்பர் பொம்மை ஒன்றும், முடிச்சிட்டுக் குளிர்ந்த நீரில் நனைத்த பருத்தித் துணியும் போதும்.

உணவு

மீதமான தயிர்ச்சோற்றையே மூன்று வேளையும் வைத்து வளர்க்கும் முறை வளரும் குட்டிக்குப் போதாது. புரதமும், சரியான விகிதத்தில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் இல்லாமல் கால் எலும்பு வளைந்த குட்டிகளைப் பார்ப்பது மனத்தை வருத்துகிறது. எட்டு வாரக் குட்டிக்கு நாளுக்கு நான்கு வேளையும், மூன்று மாதத்துக்கு மேல் மூன்று வேளையும், ஆறு மாதத்துக்குப் பின் இரண்டு வேளையும் உணவு தரலாம். குட்டிகளுக்கான உலர் தீவனம் வாங்க வசதியிருந்தால் முதல் ஆறு மாதமாவது அதைத் தருவது எளிது. வீட்டு உணவெனில், உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த எலும்பில்லாத கோழி இறைச்சி அல்லது முட்டையைக் குழைந்த சோற்றோடும், பூசணி அல்லது கேரட்டோடும் சேர்த்துக் கொடுத்து, எந்தச் சத்துமருந்து எவ்வளவு வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். நம் பகுதியின் கேழ்வரகைக் கூழாகக் காய்ச்சிச் சிறிதளவு சேர்க்கலாம். இறைச்சிக்கு மாற்றாக அன்று.

வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. சாம்பார் சோறு, குழம்புச் சோறு, விருந்தில் மிஞ்சிய பிரியாணி ஆகிய மூன்றிலும் அவை இருக்கின்றன. பிரியாணியில் வெந்த எலும்பும் இருக்கிறது. வெந்த எலும்பு கூரிய சில்லுகளாக உடைந்து குடலைக் கிழித்துவிடும். ஆம்பூரில் உறவினர் வந்து போன ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இந்த ஆபத்து நிகழாமல் இருக்க, எச்சில் இலைகளை மூடியுள்ள தொட்டியில் போடும் ஏற்பாட்டை முன்பே செய்யுங்கள். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம் என்பதால் பாயசமும் பஞ்சாமிர்தமும் வேண்டாம். சாக்லேட்டும் கூடாது.

மருத்துவரை முன்பே தேர்ந்தெடுத்தல்

நாய் வந்த பிறகு மருத்துவரைத் தேடுவது காலம் கடந்த செயல். வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி வட்டாரங்களில் இருப்போர் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனை எது, அது எந்த நேரம் திறந்திருக்கும், இரவில் அழைக்கக்கூடிய தனியார் மருத்துவர் யார் என்பனவற்றை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும். பெரிய அறுவை சிகிச்சைக்குச் சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குச் செல்ல நேரலாம். ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவு என்பதால் அதற்கான வாகனத்தையும் சிறிது சேமிப்பையும் இப்போதே யோசியுங்கள். செல்ல நாய்க்கு உரிமம் பெறும் முறையை மாநகராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் கேட்டறிந்து முடித்துவிடுவதும் நல்லது.

வாங்க வேண்டிய பொருட்கள் மிகக் குறைவு: இரண்டு விரல் நுழையும் தளர்வுடன் கழுத்துப்பட்டை, அதில் உங்கள் கைப்பேசி எண் பொறித்த தகடு, மார்புப்பட்டை, ஆறடி நீளப் பருத்திக் கயிறு, உணவுத் தட்டு, சீப்பு. இரும்புச் சங்கிலி தேவையில்லை.

வரும் நாளும் முதல் இரவுகளும்

காலை வெயில் ஏறும் முன் அழைத்து வாருங்கள். புறப்படும் முன் வயிறு நிறைய ஊட்டாமல், தாயின் மணம் படிந்த ஒரு துணியை உடன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் நுழையும் முன் சிறுநீர் கழிக்க நீங்கள் ஒதுக்கிய இடத்துக்கு முதலில் கொண்டுசென்று, அது கழிக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு ஒரே ஓர் அறையை மட்டும் காட்டுங்கள். அன்று உற்றார் உறவினரை அழைத்துக் காட்ட வேண்டாம். பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகத் தரையில் உட்கார்ந்து, அது தானாக அருகில் வரும்வரை காத்திருக்கட்டும். தூங்கும்போதும் உண்ணும்போதும் தொடக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். முந்தைய இடத்தில் உண்ட அதே உணவையே சில நாட்கள் தந்து, பிறகு ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றினால் வயிற்றுப்போக்கு வராது.

முதல் இரவுகளில் குட்டி அழும். தாயின் சூட்டிலிருந்து பிரிந்த உயிர் வேறென்ன செய்யும்? வெளியே அடைத்துவிட்டு ‘அழுது பழகட்டும்’ என்பது கொடுமை. உங்கள் கட்டிலருகே அட்டைப்பெட்டியில் அந்தத் துணியை விரித்துப் படுக்கவைத்து, அழும்போது கையைத் தொங்கவிட்டுத் தொட்டுக்கொண்டிருங்கள். விழித்ததும், உண்டதும், விளையாடி முடித்ததும் ஒதுக்கிய இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே கழித்தால் உடனே பாராட்டுங்கள். வீட்டுக்குள் கழித்துவிட்டால் மூக்கைத் தேய்ப்பதோ அடிப்பதோ அச்சத்தை மட்டுமே கற்பிக்கும். வளர்ந்த நாயாயின் முதல் சில நாட்கள் உண்ணாமல் ஒடுங்கியிருப்பதும், சில வாரங்களில் வழக்கத்துக்குப் பழகுவதும், முழு நம்பிக்கை கொள்ள மாதக் கணக்கில் ஆவதும் இயல்பு. அதுவரை கழுத்துப்பட்டை இல்லாமல் கேட்டைத் திறக்காதீர்கள்.

தடுப்பூசிகளும் முதல் வெளிநடையும்

வந்த இரண்டு, மூன்று நாட்களுக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள். பார்வோ, டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய்கள், எலிக்காய்ச்சல் முதலியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசி 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை தொடரும். வெறிநோய்த் தடுப்பூசி வழக்கமாக மூன்று மாத வயதில் போடப்படும். பிறகு மருத்துவர் குறிக்கும் நாளில் மறு ஊசியும், ஆண்டுதோறும் ஒன்றும் வேண்டும். குடற்புழு நீக்க மருந்தைத் தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், மூன்று மாதத்துக்குப் பின் மாதம் ஒருமுறையும் தருவர். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக் கணக்கில் உயிர்த்திருப்பது. எனவே தடுப்பூசித் தொடர் முடிந்து இரண்டு வாரம் ஆகும்வரை குட்டியைத் தெருத் தரையில் விட வேண்டாம். வீட்டார் செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும். ஆனால் தூக்கிக்கொண்டு வெளியே போகலாம், போகவும் வேண்டும். மூன்று முதல் பதினான்கு வார வயதுக்குள் பேருந்து ஓசை, மாட்டு வண்டி, குடை, தாடி வைத்தவர், பர்தா அணிந்தவர் என அது அமைதியாகக் கண்டு பழகும் ஒவ்வொன்றும் பிற்காலத்து அச்சத்தைக் குறைக்கும்.

குட்டி விளையாட்டாகப் பல் பதித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். வெறிநோய் தாக்கிய பிறகு காப்பாற்ற மருந்து இல்லை என்பதால் இதில் தயக்கத்துக்கே இடமில்லை.

தெருவில் நடக்கும் காலம் வந்ததும், காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஆறரை மணிக்குப் பின்னும் மட்டும் அழைத்துச் செல்லுங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் அந்தச் சாலை பாதங்களைச் சுடும். பாலாற்று மணலில் ஓடவிட விரும்புவோர், தோல் கழிவு கலந்த பகுதிகளில் தேங்கியிருக்கும் நீரை நாய் குடிக்காமல் பார்த்துக்கொண்டு, வீட்டிலிருந்தே தண்ணீர் எடுத்துச் செல்ல வேண்டும். திரும்பியதும் காது மடல், அக்குள், கால்விரல் இடுக்கு ஆகியவற்றை விரலால் தடவி உண்ணி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்து, ஆல்கஹால் கலந்த கிருமிநாசினியில் போட்டுவிடுங்கள். கையால் நசுக்க வேண்டாம்.